வானை அளந்த வைணு பாப்பு

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு மலையை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. பெரிய கோயிலின் இராஜகோபுரத்தின் முன் நின்று பார்த்தால் மலை ஒரு முக்கோணம்போலத் தெரிகிறது. அங்கிருந்து புறப்பட்டு, பதினான்கு கிலோமீட்டர் பாதையில் நடந்து மலையின் பின்புறமுள்ள அடி அண்ணாமலைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், இதுவா அந்த மலை என்று ஐயம் தோன்றும். ஒற்றை முடியாக இருந்தது முன்னும் பின்னுமாகப் பல முடிகளாகப் பிரிந்து நிற்கும். நம் வகுப்பில் அடி அண்ணாமலையிலிருந்து வரும் தோழியரும் உண்டு, கோயில் தெருக்களிலிருந்து வரும் தோழியரும் உண்டு. ஓவிய வகுப்பில் மலையை வரையச் சொன்னால் இரு சாராரும் இரு வேறு மலைகளை வரைந்து, தத்தம் படமே சரி என்று சண்டையிடுவது வழக்கம். மலை ஒன்றுதான், பார்க்கும் பக்கம் வேறு.

இந்தச் சண்டை நினைவுக்கு வரக் காரணம், நாம் இங்கே எழுதப் புகுந்த பெரியவரின் வரலாறு. நமக்கு வடக்கே நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலைத்தொடரில் காவலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்து, உலக வானவியல் வரைபடத்தில் அதற்கு ஓர் இடம் தேடித் தந்தவர் வைணு பாப்பு. அவருடைய பெயரைத் தாங்கிய வானாய்வகம் அங்கே இருக்கிறது. ஆனால் அவர் யார், என்ன செய்தார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். இக்கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கும்வரை நாமும் அவ்வாறே விழித்தவர்கள்தாம்.

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் பணி புரிந்தவர். ஆகவே மற்றக் குழந்தைகள் பம்பரமும் பட்டமுமாகத் திரிந்த வயதில், இந்தக் குழந்தை தொலைநோக்கியின் நிழலில் வளர்ந்தது. படிப்பு ஹைதராபாத்தில் நடந்தது. மாணவராக இருந்த காலத்திலேயே, ஒளி கூடியும் குறைந்தும் வரும் விண்மீன்களை இரவெல்லாம் கண் விழித்துக் கவனித்துக் கட்டுரை எழுதினார் என்றால் அவருடைய ஆர்வத்தை என்னவென்று சொல்வது!

உதவித்தொகை பெற்று அவர் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றது 1949இல். போன அதே ஆண்டு, ஓர் இரவு எடுத்த வானத்தின் புகைப்படத் தட்டில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கலான கீற்று இருப்பதைக் கண்டார். அது ஒரு புதிய வால்நட்சத்திரம்! அவருடைய பெயரோடு, அதை உறுதி செய்ய உதவிய பார்ட் போக், கார்டன் நியூகர்க் ஆகியோரின் பெயர்களும் சேர்ந்து அது பாப்பு-போக்-நியூகர்க் வால்நட்சத்திரம் எனப்பட்டது. பசிபிக் வானவியல் கழகம் அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அப்போது அவருக்கு வயது 22.

1952இல் டாக்டர் பட்டம் பெற்றபின், கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களில் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அந்நாளில் பாலோமரில்தான் இருந்தது. அந்த வானாய்வகங்களின் அலுவலகம் பாசடீனா என்னும் நகரில் இருந்தது. இந்த நகரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகியரைக் கேட்டுக்கொள்கிறோம், மறுபடியும் வரும்.

அங்கே ஆலின் வில்சன் என்னும் மூத்த அறிஞரோடு சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சூரிய ஒளியைப் பட்டகத்தில் செலுத்தினால் அது ஏழு நிறங்களாகப் பிரிவதை நாம் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறோம். விண்மீன் ஒளியையும் அவ்வாறு பிரிக்கலாம். அந்த நிறமாலையில் குறுக்கே கருங்கோடுகள் தென்படும். ஒவ்வொரு கோடும் விண்மீனிலுள்ள ஒரு தனிமத்தின் கையெழுத்து. இந்தக் கோடுகளை வைத்து விண்மீன்களை முதன்முதலில் வகை வகையாகப் பிரித்தவர்களில் ஒருவர், 1860களில் ரோமாபுரியில் இருந்த இயேசு சபைக் குருவானவர் ஆஞ்சலோ செக்கி என்பதை நம் சிஸ்டர்கள் மகிழ்ச்சியோடு நினைவூட்டுவார்கள்.

கால்சியம் தரும் கருங்கோடுகளில் ஒன்றுக்கு 'கே' கோடு என்று பெயர். சில விண்மீன்களில் இந்தக் கருங்கோட்டின் நட்டநடுவில் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று எழும்பி நிற்கும். அந்தக் கீற்று எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வில்சனும் பாப்புவும் அதன் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை அளந்தார்கள். கீற்று மங்கலாக இருந்தாலும் பளிச்சென்று இருந்தாலும், அதன் அகலம் அந்த விண்மீனின் உண்மையான ஒளித்திறனோடு ஒட்டிச் சென்றது. உண்மையான ஒளித்திறன் தெரிந்தால், நம் கண்ணுக்கு அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? 1957இல் வெளியான இக்கண்டுபிடிப்பு வில்சன்-பாப்பு விளைவு என்னும் பெயரால் இன்றும் பாடநூல்களில் விளங்குகிறது. தட்டில் இருந்த கோடு எல்லாரும் பார்த்த அதே கோடுதான். இவர்கள் பார்த்த பக்கம் வேறு.

இத்தகைய புகழோடு அவர் அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ திரும்பி வந்தார். 1954இல் உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்தில் பொறுப்பேற்றார். அது முதலில் வாரணாசியில் தொடங்கப்பட்டுப் பின் நைனிடாலுக்கு மாறியது. 1960இல் நம் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானல் சூரியனுக்குப் பேர்போன இடம். 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். வானம் தெளிந்திருக்கும் நாளெல்லாம் சூரியனைப் புகைப்படம் எடுத்துத் தேதியிட்டு வைக்கும் வழக்கம் அங்கே 1900களின் தொடக்க ஆண்டுகளிலிருந்து தொடர்ந்து வந்தது. பாப்பு அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. ஆனால் அவருடைய மனம் இரவு வானத்தை நாடியது. கொடைக்கானலிலோ மேகமும் மூடுபனியும் இரவுகளைத் தின்றுவிடும். ஆகவே வேறோர் இடம் தேடி அவர் தமிழ்நாட்டு மலைகளை ஆராய்ந்தார். கடைசியில் அவர் கண் நின்ற இடம்தான் ஜவ்வாது மலையில் சந்தன மரங்கள் வளரும் காவலூர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரம். நகரத்து விளக்குகளின் தொல்லை இல்லை.

அவ்விடத்திற்கு இன்னொரு பெருமையும் உண்டு. காவலூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறக்குறைய பன்னிரண்டரைப் பாகையே வடக்கில் இருப்பதால், ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலிருந்தும் காணவே முடியாத தென்வானத்து விண்மீன்களை அங்கிருந்து காணலாம். நமக்கு அருகிலுள்ள ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன் அவற்றில் ஒன்று. அது ஒற்றை விண்மீன் அன்று, இரட்டை என்று 1689இல் புதுச்சேரியில் தொலைநோக்கி வழியே கண்டறிந்தவர் ரிஷோ என்னும் இயேசு சபைக் குருவானவர். ஆக, நம் பக்கத்து மண்ணுக்கும் தென்வானத்திற்கும் பாப்புவுக்கு முன்பே மூன்று நூற்றாண்டு உறவு தொடங்கிவிட்டது.

1968இல் காவலூரில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று வேலை செய்யத் தொடங்கியது. அது நம் நாட்டுத் தொழிற்கூடத்திலேயே செய்யப்பட்டது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. இதற்கிடையில் 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்ற நிறுவனமாயிற்று. பாப்பு அதன் இயக்குநர்.

1977 மார்ச் 10ஆம் நாள் நடந்ததைச் சொல்லாமல் விடலாமா? அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லவிருந்தது. உலகில் பல இடங்களில் அறிஞர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றி இந்துமாக் கடலின் மேல் பறந்தார்கள். காவலூரிலும் ஒரு மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது. கோள் மறைக்க வேண்டிய நேரத்திற்கு முன்னதாகவே விண்மீன் ஒளி சட்டென்று குறைந்து மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது இவ்வாறுதான் உலகுக்குத் தெரிந்தது. காவலூரில் பதிவான ஒளிக்குறைவும் அதற்குச் சான்றாயிற்று.

இங்கே சற்று நின்று ஒன்றை விளக்க வேண்டியிருக்கிறது. விண்மீனின் ஒளி நொடிக்கு நொடி எவ்வளவு என்று எழுதிவைத்தால் அது ஒரே வரிசை எண்கள். ஓர் அச்சுப் போதும். வானத்தின் புகைப்படம் என்றால் கிடைமட்டம், செங்குத்து என இரண்டு அச்சுகள். அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலையும் வேண்டுமென்றால், நிறத்துக்காக மூன்றாவது அச்சு. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கனசதுரம்போல எண்கள் நிற்கும். ஆனால் கம்ப்யூட்டரில் அந்தக் கனசதுரம் அப்படியே போய் உட்காருவதில்லை. எல்லா எண்களும் ஒரே நீண்ட வரிசையாகத்தான் கோப்பில் எழுதப்படுகின்றன. எந்த அச்சை முதலில் படிக்க வேண்டும், எதை அடுத்ததாகப் படிக்க வேண்டும் என்பது தெரியாவிட்டால் அது வெறும் எண் குவியல்.

1970களில் ஒவ்வொரு வானாய்வகமும் தனக்குத் தோன்றியபடி எழுதிக் காந்த நாடாவில் பதிந்து வைத்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமல் திண்டாடினார்கள். இதைத் தீர்க்க உருவான பொது முறைக்கு ஃபிட்ஸ் என்று பெயர். கோப்பின் தலைப்பில், எண்பது எழுத்துக் கொண்ட வரிகளாக, எத்தனை அச்சுகள், ஒவ்வோர் அச்சும் எவ்வளவு நீளம், அது எதைக் குறிக்கிறது என்று சாதாரண எழுத்தில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகே எண்கள். ஒரு காலத்தில் எழுதிய கோப்பு எக்காலத்திலும் படிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இக்காரணத்தினாலேயே வத்திக்கான் நூலகமும் தன் பழைய ஏட்டுப் பிரதிகளின் படங்களைப் பாதுகாக்க விண்மீன்காரர்களின் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தது என்பது நமக்கு வியப்பாக இருந்தது.

பாப்புவின் வாழ்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1979இல் சர்வதேச வானவியல் சங்கம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. உலகத்து வானவியல் அறிஞர் அனைவருக்கும் தலைமை தாங்கும் பதவி அது. 1981இல் நம் அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் சங்கத்தின் பொதுப்பேரவை கூடியது. எல்லா நாட்டு வானாய்வகங்களும் ஃபிட்ஸ் முறையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்பேரவை பரிந்துரை செய்தது. ஆனால் தலைமை தாங்க வேண்டிய பாப்பு அங்கே இல்லை. இருதய அறுவைச் சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவமனையில் இருந்தார். பேரவை நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டு 19ஆம் நாள், அங்கேயே காலமானார். 55ஆம் பிறந்த நாள் முடிந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன.

இதைப் படித்தபோது நாம் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம்.

பத்ராஸில் ஏற்றுக்கொண்ட முறையால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. அச்சுகளின் பெயரைத் தலைப்பில் எழுத வேண்டும் என்றார்களே தவிர, எது முதலில் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே சிலர் வானத்தின் இரண்டு அச்சுகளை முதலில் எழுதுகிறார்கள். சிலர் நிறத்தை முதலில் எழுதுகிறார்கள். நம் வகுப்பு மதிப்பெண் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். (பதிவேடு என்றதும் சிலர் முகம் வாடுவது தெரிகிறது!) 40 மாணவியர், 5 பாடங்கள், 3 தேர்வுகள், ஆக 600 எண்கள். காலாண்டுத் தேர்வுக்கு ஒரு தாள், அதில் ஒவ்வொரு மாணவிக்கும் ஐந்து பாடம் என்று எழுதினால் வகுப்பாசிரியைக்கு வசதி. ஆனால் தலைமைச் சகோதரி, ஒவ்வொரு மாணவியும் ஒவ்வொரு பாடத்திலும் காலாண்டிலிருந்து முழு ஆண்டுவரை ஏறினாளா இறங்கினாளா என்று பார்க்க விரும்பினால் என்ன செய்வது? மூன்று தாள்களையும் மாற்றி மாற்றிப் புரட்ட வேண்டும். அதைவிட, தேர்வுகள் மூன்றும் அடுத்தடுத்து வரும்படி பதிவேட்டையே திருப்பி எழுதிவிட்டால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரு மதிப்பெண்கூடக் கூடாது, குறையாது.

நாற்பது பேருக்கு இதைக் கையாலேயே எழுதிவிடலாம். பக்கத்துக்கு ஆயிரமாக மூன்று அச்சுகள் கொண்ட வானக் கோப்பில் 100 கோடி எண்கள் இருக்கும். அதற்கென்றே சிறு கம்ப்யூட்டர் நிரல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று எம்-டிரான்ஸ்போஸ் என்பது. வானப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிய படமாக்கும் மாண்டாஜ் என்னும் நிரல் தொகுப்பில் அது ஓர் உறுப்பு. தொகுப்பு உருவானது எங்கே தெரியுமா? பாசடீனாவில்! இளைஞர் பாப்பு கால்சியம் கோட்டின் அகலத்தை அளந்த அதே ஊரில்.

இந்த நிரலுக்குப் படமில்லை, பொத்தானில்லை. விசைப்பலகையில் ஒரு வரி அடிக்க வேண்டும்: நிரலின் பெயர், பழைய கோப்பின் பெயர், புதிய கோப்பின் பெயர், பிறகு அச்சுகளின் புதிய வரிசை. மூன்று, ஒன்று, இரண்டு என்று அடித்தால் பழைய மூன்றாம் அச்சு முதலாவதாக வந்துவிடும். நாம் மேலே சொன்ன பதிவேட்டில் பாடத்தை ஒன்று, மாணவியை இரண்டு, தேர்வை மூன்று என்று வைத்துக்கொண்டால், தலைமைச் சகோதரிக்கு வேண்டிய கட்டளையும் இதுவேதான். எண்களை மட்டும் மாற்றினால் போதாது. தலைப்பில் ஒவ்வோர் அச்சையும் பற்றி எழுதிய வரிகளும் கூடவே இடம் மாற வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் மதிப்பெண் கணக்கின் கீழ் வந்துவிடும். (சிலருக்கு அது இலாபமாகவும் இருக்கலாம்.)

பாப்பு கனவு கண்ட பெரிய தொலைநோக்கியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 234 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி. கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகிட்டவர்களும், தொலைநோக்கியை வடிவமைத்தவர்களும் நம் நாட்டவர்களே. வெளிநாட்டில் விலைக்கு வாங்குவது எளிது, ஆயினும் நம்மவர் கை பழக வேண்டும் என்பதில் பாப்பு உறுதியாக இருந்தார். பல ஆண்டுகள் நடந்த அந்த வேலை முடிவதை அவர் காணவில்லை. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அதைத் தொடங்கி வைத்தபோது, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. முப்பது ஆண்டுகள், 2016வரை, இந்தியாவில் அதைவிடப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி எதுவும் இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதன் எண் 2596.

கடைசியாகக் கொடைக்கானலுக்குத் திரும்புவோம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுக்கப்பட்ட அந்தச் சூரியப் படத் தட்டுகள் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு ஃபிட்ஸ் கோப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் கிழக்கு மேற்கு ஓர் அச்சு, வடக்கு தெற்கு ஓர் அச்சு. நாள் வரிசையாக அடுக்கினால் காலம் மூன்றாவது அச்சு. ஒரு நாள் படத்தை எடுத்துப் பார்த்தால் வட்டத்தில் அங்கும் இங்கும் சில கரும்புள்ளிகள், அவ்வளவுதான். அடுக்கைத் திருப்பி, காலம் இடமிருந்து வலமாகவும் வடக்கு தெற்கு மேலும் கீழுமாகவும் வருமாறு புள்ளிகளைக் குறித்துப் பார்த்தால், ஒரு வேடிக்கை நடக்கிறது. ஏறக்குறைய பதினோர் ஆண்டுகளுக்கு ஒரு முறை, புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து விலகிய இடத்தில் தோன்றத் தொடங்கி, வரவர நடுக்கோட்டை நெருங்குகின்றன. மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ந்து சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக அமர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. இங்கிலாந்தில் வால்டர் மாண்டரும் அவர் மனைவி அன்னி மாண்டரும் 1904ஆம் ஆண்டளவில் இதைக் கையாலேயே புள்ளி புள்ளியாக வரைந்தார்கள். கொடைக்கானல் தட்டுகளிலும் அதே வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. அவற்றில் 1960க்குப் பிந்திய சிறகுகளுக்கான தட்டுகளில் பல, பாப்பு இயக்குநராக இருந்த நாட்களில், வானம் தெளிந்த காலை வேளைகளில் எடுக்கப்பட்டவை.